ஏற்காட்டில் சிவந்த இலைகள்

யுத்தகாலம். பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடிய காரில், மயிலாப்பூர் நண்பர்கள் நால்வர் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். மாசியில் உதிரும் முன் இலைகள் சிவப்பதைப் பார்க்காத ஜன்மம் வீண் என்று நான்தான் நச்சரித்திருந்தேன். மேடு வந்த இடமெல்லாம் இறங்கித் தள்ளினோம்.

மேலே காடு தகதகத்தது. நான் வாய் பிளந்து நின்றேன். கார் ஓட்டி வந்தவனோ டிகாஷன் கூஜாவைத் திறந்தான்.

"முதல்ல காப்பி ஆகட்டும்டா. இலை எங்கே ஓடிடப் போறது?"

காரின் கரியைத் தொட்டால் ஊர் திரும்ப முடியாது. அதனால் வழியில் வாங்கிய பாலைக் காய்ச்ச, என் காலடியில் கிடந்த சிவப்புச் சருகுகளையே வாரிக் கொளுத்தினார்கள். புகையில் காடே மறைந்தது. எனக்கு வந்த கோபம் முதல் வாய்க் காப்பியோடு இறங்கிவிட்டது.

வீட்டு வாசலில் அம்மா ஆசையாகக் கேட்டாள், "இலையெல்லாம் எப்படிடா இருந்தது?"

நான் வாய் திறப்பதற்குள் கார் ஓட்டி வந்தவன் சொன்னான்: "நன்னா எரிஞ்சுது மாமி!"