மாமாவை இறக்கக் கூடிய கூட்டம்

எந்த நாட்டிலாவது ஜனாதிபதியைப் பதவி நீக்கப் போகிறார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, சிட்னியில், என் மாமாவுக்கும் அது நடந்தது.

மாமா எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். பகலில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் அவரை ஆட்கள் எழுந்து நின்று வரவேற்கும் ஒரே இடம் அதுதான்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பென்டில் ஹில்லில் ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். உள்ளே நெருப்புக் கொளுத்துவதில்லை என்று மாமா கையெழுத்துப் போட்டிருந்தார். வாணி விழா அன்று அவரே தட்டு நிறையக் கற்பூரம் கொளுத்தினார். கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. தலைக்கவசம் போட்ட தீயணைப்பு வீரர்கள் சரஸ்வதிக்கு முன்னால் வந்து நின்றார்கள். பிள்ளைகளுக்கு அப்படியொரு வாணி விழா பிறகு வாய்க்கவில்லை. பெரியவர்களுக்கு மானம் போனது. மண்டபமும் போனது.

சங்கத்தில் இருந்த டொக்டர் அங்கிள், மாமாவைப் பதவியிலிருந்து இறக்குவதென்று ஆள் சேர்த்தார். மண்டபம் போனபின் வகுப்பு நடந்த, கிரவீன் பகுதி வீடொன்றின் கராஜில் கூட்டம். ஆனால் தலைவரை எப்படி இறக்குவதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் ஆட்கள் வழக்கமாகக் கோபித்துக்கொண்டு வெளியேறி இன்னொரு சங்கம் தொடங்கிவிடுவார்கள். சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் சட்ட விதிகளை, எழுதிய மாமாவே எழுந்தார்.

"பதினோராம் பிரிவைப் பாருங்கோ டொக்டர். நீங்கள் பிரேரிக்கவேணும், வேறொராள் வழிமொழியவேணும். வாக்கெடுப்பு முடியுமட்டும் நான் இந்தத் தலைவர் கதிரையில இருக்கக்கூடாது."

இறங்கி வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கென்ன அண்ணா, விசரோ?" என்றார் அம்மா.

டொக்டர் அங்கிள் அவசரப்பட்டுக் கையை உயர்த்தச் சொன்னார்.

"குற்றச்சாட்டை வாசிக்காமல் விட்டிட்டியள்" என்றார் மாமா.

கூட்டம் சிரித்தது. அங்கிளின் முகம் சிவந்தது.

"கொளுத்தினது நீங்கள்தானே?"

"ஓம். கையெழுத்துப் போட்டதும் நான்தான். பிழைதான்."

சண்டைக்குத் தயாராக வந்தவர்களுக்குக் கேட்க வேறொன்றும் இருக்கவில்லை. வாக்கெடுப்பில் ஐந்து கைகள்தான் உயர்ந்தன. அங்கிளின் மனைவியே கையை மடியில் வைத்திருந்தார்.

"நீரும் உயர்த்தும்" என்றார் அங்கிள்.

"உயர்த்திப்போட்டு? நாளைக்கு ஆர் இந்த வகுப்பைப் பார்க்கிறது, நீங்களோ?"

நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத நான் கதிரையில் ஏறி நின்று கை தட்டினேன். அன்று கராஜே அதிர்ந்தது.

மாமாவின் பெயர் தெரியாதவர்களுக்குக் கூட, தீயணைப்பு வண்டியை வரவழைத்த தலைவர் என்றால் இன்றும் தெரியும். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அவர் நடத்திய வகுப்பைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. சங்கம் மட்டும் இன்னும் ஒன்றாகவே இருக்கிறது.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை டொக்டர் அங்கிள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் இரண்டு பிள்ளைகளையும் வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டார். மாமா ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்து, பிள்ளைகளின் பைகளை வாங்கிக்கொண்டார். வென்ற அன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. தோற்றவர் வராமல் வேறு எங்கே போவார் என்று அந்த வயதில் நினைத்து, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.