கடலைக்காய் எந்த நாட்டுச் சரக்கு?

எங்கள் கடலைக் காட்டில் ஏரோப்ளேன் இறங்கிய கதையை இன்றைக்கும் ஆட்கள் வந்து கேட்கிறார்கள், ஏதோ சாமி வந்து இறங்கின மாதிரி. வந்தவன் வழி தவறிய ஒரு வெள்ளைக்காரன். அவனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அவன் பின்னாலேயே வந்த சட்டத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம், ஐப்பசி மாதம். பாலக்கோட்டுக்கு மேற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. வீட்டுக்காரர் லாரியோடு போய்விடுவார், வெள்ளாமை முழுக்க என் தலையில். கடலைக்காய் முற்றிவிட்டது. மறுநாள் பிடுங்க ஆள் சொல்லியிருந்தேன். முற்றின காய் மண்ணுக்குள் இருக்கும்போது மழை பிடித்தால் இரண்டு மூன்று நாளில் முளை விட்டுவிடும். அப்புறம் மாட்டுக்குத்தான் ஆகும். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

அந்த மேகத்துக்குள்ளிருந்துதான் அவன் வந்தான். சின்ன ஏரோப்ளேன், காட்டை நீளவாக்கில் உழுதுகொண்டு போய் வேலியில் மூக்கை முட்டி நின்றது. இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவனாம். இறங்கினதும் என்னைப் பார்த்து, "ஏய் பொம்பளை, தண்ணி கொண்டா!" என்றான். தோட்டத்தில் கூலியாட்களை விரட்டிப் பழகிய தமிழ்.

"இது உன் தோட்டமில்ல, என் காடு. மரியாதையாக் கேளு."

கொஞ்சம் யோசித்தான். "கொண்டாங்க" என்றான். கொடுத்தேன்.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு உத்தரவோடு வந்தார். வெளிநாட்டிலிருந்து வரும் விமானம் சுங்க அதிகாரி இருக்கிற விமான நிலையத்தில்தான் முதலில் இறங்க வேண்டுமாம். வேறெங்காவது இறங்கிவிட்டால், அதிகாரி வந்து பார்க்கும்வரை ஆளும் போகக்கூடாது, சரக்கும் நகரக்கூடாது. விமானம் ஓடி நின்ற தடம் முழுக்கச் சரக்கு கிடக்கலாம் என்று, என் கிணற்றுக் கயிற்றையும் மாட்டுக் கயிறுகளையும் வாங்கி முடிந்து, என் காட்டையே வளைத்துக் கட்டினார்.

"ஏட்டய்யா, என் கடலைக்காயி ஆகாசத்துலேர்ந்தாங்க வந்துது?"

"நான் என்னம்மா பண்றது? எதுவும் நகரக்கூடாதுன்னு உத்தரவு. கடலைக்காயத் தவிரன்னு சொல்லலையே."

"வேரோட நிக்குதுங்க. வேணும்னா புடிச்சு இழுத்துப் பாருங்க."

"இழுத்தா நகந்துருமே" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் வெள்ளைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டான். உடம்பு சரியில்லையென்றால் ஆள் போகலாம் என்று அதே சட்டத்தில் இடம் இருக்கிறதாம். ஜீப்பில் ஏற்றி பாலக்கோட்டு டிராவலர்ஸ் பங்களாவில் படுக்க வைத்தார்கள். கடலைக்காய்க்கும் உடம்பு கெடும் என்று சட்டம் எழுதினவனுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாளும் அதிகாரியைக் காணோம். கயிற்றுக்கு அடியில் கை விட்டு, பள்ளத்தில் ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பார்த்தேன். வெள்ளையாய் முளை எட்டிப் பார்த்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றுக்குள் நுழைந்தேன். போலீசுக்குப் பயந்து ஒரு ஆளும் கூட வரவில்லை.

"அம்மா, வெளிய வாங்க! பேரு எழுதிருவேன்."

"எழுதுங்க. எங்கப்பன் பேரையும் சேத்து எழுதுங்க."

எழுதினார். இருட்டும்வரை நானும் பிடுங்கினேன், பள்ளத்தில் ஒரு கூடை, மிச்சமெல்லாம் இன்னும் முளை விடாத மேட்டில்.

நாலாம் நாள் அதிகாரி வந்தார், பூட்ஸும் குடையுமாக. ஏரோப்ளேனுக்குள் ஒரு பிஸ்கட் டின், ஒரு மழைக்கோட்டு. அதற்கு ஐந்து நிமிஷம். எனக்கு அரை மணி நேரம்.

"அனுமதியில்லாம சரக்க எடுத்தது நீதானா?"

பள்ளத்தில் பிடுங்கிய ஒரு கூடையை அவர் பூட்ஸ் மேலேயே கொட்டினேன். "நான்தாங்க. இது எந்த நாட்டுச் சரக்குன்னு நீங்களே சொல்லுங்க."

ஒன்றை உடைத்து வாயில் போட்டார். முகத்தைச் சுளித்துத் துப்பினார். சர்க்கார் சோதனை அதோடு முடிந்தது. 'உள்நாட்டுப் பொருள், அகற்றத் தடையில்லை' என்று எழுதிக் கையில் கொடுத்தார்.

"மண்ணுக்குள்ள முளைச்சுக் கெடக்கறதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

"அது எங்க இலாகா இல்ல" என்று ஜீப்பில் ஏறினார்.

தடையில்லாத காட்டை மறுநாள் ஆள் விட்டுப் பிடுங்கினேன். எல்லாம் மாட்டுக்குப் போனது. அந்த வருஷம் தேறியது, சட்டத்தை மீறி நான் மேட்டில் பிடுங்கிய ஒன்றரை மூட்டைதான்.

வெள்ளைக்காரன் போகும்போது என்னிடம் வந்து, "போயிட்டு வர்றேங்க" என்று கும்பிட்டான். அந்த நாலு நாளில் எதையாவது கற்றுக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.