காலித்தொட்டிக்காரர்

அந்தப் பாம்புப் பண்ணையில் அவருக்குப் பேரே காலித்தொட்டிக்காரர். அடுத்தவர்களுக்கெல்லாம் படமெடுத்துச் சீறுகிற பாம்புகள் வாய்த்திருக்க, இவர் பொறுப்பிலிருந்த கண்ணாடித் தொட்டிக்கு வந்தது ஒரு சருகுப் பாம்பு. மழைக்காட்டில் உதிர்ந்த இலைக்கு அடியிலேயே காலத்தை ஓட்டுகிற ஜாதி அது. தலையை வெளியே நீட்டினால் குறைந்தா போய்விடும்? நீட்டாது.

சாயங்காலம் மண்ணைக் கரண்டியால் சமமாகத் தடவி, மண்புழு நாலைப் போட்டுவிட்டுப் போவார். காலையில் புழு இருக்காது, மண்ணில் வளைந்து வளைந்து ஒரு கோடு இருக்கும். அவருக்கு அது போதும், அன்று முழுக்க மனுஷன் குஷியாக இருப்பார்.

வருகிறவர்களுக்குப் போதுமா? "டிக்கெட் எடுத்து மண்ணையா பாக்கிறது?" என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். "ஆடாதீங்க, நிழல் பட்டா உள்ள போயிரும்" என்று கெஞ்சுவார். அவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, மேனேஜரை நச்சரித்துத் தொட்டிக்கு மேலே பெரிய பல்பு ஒன்றும் மாட்டவைத்தார். ம்ஹூம்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? தையல்கடைக்குப் போகும் அவர் மனைவி, "இன்னிக்கும் மண்ணுக்கு சாப்பாடு வெச்சாச்சா?" என்றுதான் கதவைத் திறப்பார்.

கடைசியில் மேனேஜரே வாயைத் திறந்தார். "அது எப்பவோ போய்ச் சேந்திருக்கும்ணே. எறும்பு புழுவத் தின்னுட்டுப் போகுது. நாளைக்கு மண்ண வாரிக் கொட்டிட்டு மலைப்பாம்புக் குட்டிங்கள விடுவோம். இல்லேன்னா கிளறிக் காட்டுங்க."

கிளறுவதா! முன்பு ஒருதடவை கிளறியதற்கே அது மாதக்கணக்கில் பட்டினி கிடந்து பிழைத்தது மறுபிறப்பு. அன்றைக்கும் அவர் கண்ணில் பட்டது வால்நுனி மட்டுந்தான்.

மறுநாள் மத்தியானம் மனைவி சாப்பாட்டுப் பையோடு வந்தபோது, தொட்டியைக் காலிசெய்வதற்காக எலக்ட்ரீஷியன் பல்பைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார். மேனேஜர் கையில் மண்வெட்டி. இவர் தொட்டிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"மண்வெட்டி பட்டா ரெண்டு துண்டாயிரும் சார். உசுரு சார் அது!"

"எங்கண்ணே இருக்கு உசு..." என்ற மேனேஜர் அப்படியே நிறுத்தினார். அவர் கண் இவர் தோளுக்குப் பின்னால் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

மனைவி சட்டென்று இவர் மணிக்கட்டைப் பிடித்தார். "ஆடாதீங்க," என்றார் மெதுவாக. "வெளிய வந்திருக்கு."

அடப்பாவி, அந்த பல்புதானா இத்தனை நாளும் உன்னைத் துரத்தியது! கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். திருப்பினால் நிழல் விழும். மேனேஜர் இன்னும் நன்றாகப் பார்க்கட்டும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வந்தது.

அது கண்ணாடியோரம் வயிறு தெரிய உலாத்தி முடித்து உள்ளே போனது. மேனேஜர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "குட்டிங்களுக்கு வேற எடம் பாக்கறேன்ணே," என்று அசடு வழிந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி கேட்டார்: "ஒருவாட்டி திரும்பித்தான் பாத்திருக்கலாம்ல?"

"அது கெடக்கட்டும். வயிறு என்ன கலரு?"

"மஞ்சள். பளபளன்னு. எத்தன தடவ சொல்றது?"

"இன்னொரு தடவ சொல்லு."

தெருமுனை வரைக்கும் மனைவி சொல்லிக்கொண்டே வந்தார்.