பதினோராம் நம்பர் மலைக்குப் போன தேத்தண்ணி

கணபதி இருபத்திரண்டு வருஷம் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் செக்கியூரிட்டியாக இருந்தார். ஒன்பது மாடி, முப்பத்தாறு வீடு. எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை மணிக்கு டியூசன் விட்டு வரும், எந்த வீட்டு ஐயாவுக்கு பிரஷர் மாத்திரை முடியப் போகிறது என்பதெல்லாம் மனுஷனுக்கு அத்துப்படி. ஆனால் நமுனுகுல மலைச் சரிவிலுள்ள தன் சொந்த வீட்டில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டு ஏழு பேர்ச் காணித் துண்டில் தனி வீடு கட்டி ஐந்து வருஷம் ஆகிறது. மேசன்மாரோடு சண்டை பிடித்து அதைக் கட்டி முடித்தவள் அவருடைய மனைவி விஜயலெட்சுமி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டே கட்டினாள். கணபதி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் திராட்சைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வருவார். வந்தால் மூன்று நாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அவர் விஷயத்தில் சட்டம் மாதிரி நடந்து வந்தது.

இந்த வருஷம் சித்திரை கழிந்ததும், ஐம்பத்தேழு வயதில், முட்டிவலியோடு ஒரேயடியாக வந்து சேர்ந்தார். கையில் இரண்டு பை, ஒரு மேசை ஃபேன். நமுனுகுலக் குளிருக்கு ஃபேன் கொண்டுவந்த முதல் ஆள் இவராகத்தான் இருக்கும். லயமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

வந்த மறுநாள் கோழி. அதற்கு மறுநாளும் கோழி. முதல் வாரம் முழுக்க ராஜ மரியாதைதான். இரண்டாவது வாரமும் அப்படியே போனபோது கணபதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோழியால் இல்லை. சாப்பிட்ட கோப்பையைக் கழுவப் போனால் விஜயலெட்சுமி ஓடி வந்து பிடுங்குவாள்.

"வைங்க, நான் பாத்துக்கிறேன்."

குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் அதே பாட்டு. "நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து பழைய தொழில் தலைக்கேறியது. மீன்காரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால், "யாரைப் பாக்கணும்?" என்பார். மீன்காரன் பாவம், அடையாள அட்டையை எடுத்துக் காட்டிவிட்டுச் சாளை விற்றான். பாதையில் இறங்கினால் சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் அதே இரண்டு கேள்வியைக் கேட்டார்கள்.

"எப்ப வந்தீங்க மாமா? எப்ப போறீங்க?"

கொழும்பிலிருந்து வருகிறவனைத் தோட்டத்தில் அப்படித்தான் கேட்பார்கள். அதில் வஞ்சகம் எதுவுமில்லை. ஆனாலும் இரண்டாவது கேள்வி அவருக்கு முள்ளாகக் குத்தியது.

இதற்கிடையில்தான் பழைய சூப்பவைசர் நிஷாந்த் கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்தான். "ஐயா, உங்க இடத்துக்கு இன்னும் ஆள் போடல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க." அன்று புதன்கிழமை. கணபதி யாரிடமும் மூச்சு விடவில்லை. போய்விடலாம் என்றுதான் மனம் சொன்னது. அங்கேயாவது அவருக்கென்று ஒரு கதிரையும் ஒரு வேலையும் இருந்தன.

வியாழக்கிழமை காலை, கடைசியாக ஒன்று செய்து பார்ப்போம் என்று தோன்றியது. பத்து மணித் தேத்தண்ணியைக் கொழுந்து எடுக்கும் மலைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வீட்டு ஆட்களின் வேலை. மகள் நிரஞ்சலா கலியாணம் கட்டிப் பசறைக்குப் போன பிறகு விஜயலெட்சுமிக்குக் கொண்டுபோக ஆளில்லை. விடியலிலேயே போத்தலில் ஊற்றி எடுத்துப்போவாள். பத்து மணிக்கு அது பச்சைத் தண்ணியாகியிருக்கும். கணபதி அடுப்படியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து சீனியைக் கண்டுபிடித்தார். இஞ்சி தட்டிப் போட்டு, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டார். பதினோராம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்ததாக நேற்றிரவு அவள் சொன்னது நல்ல ஞாபகம்.

பதினோராம் நம்பரில் ஒரு காக்கை இருந்தது. வேறு யாருமில்லை. நேற்று எடுத்த மலையில் இன்றைக்கு எவள் நிற்பாள்? இன்றைக்கு எந்த மலை என்று காலையில் பேர் பதியும் பெரட்டில் கங்காணி சொல்லித்தான் ஆட்களை அனுப்புவார். தோட்டத்தில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்கும் அது தெரியும். கணபதி மறந்துபோயிருந்தார். நடு மலையில் நின்று, "விஜயா! விஜயா!" என்று கூப்பிட்டார்.

ஓடைக்கு அந்தப்பக்கம், ஏழாம் நம்பர் மலையிலிருந்து, விஜயலெட்சுமியோடு கொழுந்து எடுக்கும் கருப்பம்மாவின் குரல் கணீரென்று வந்தது.

"அடியே விஜயா, ஒன் வீட்டு விருந்தாளி பதினோராம் நம்பருக்குக் காவல் நிக்கிறாரு பாரு!"

மலை முழுக்கச் சிரிப்பு. கணபதிக்குக் காது சிவந்தது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஓடையில் இறங்கினார், வழுக்கி விழுந்தார், ஃபிளாஸ்க்கை மட்டும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். ஏழாம் நம்பருக்கு ஏறி வந்தபோது முட்டியில் ரத்தம், காலில் மூன்று அட்டை.

விஜயலெட்சுமி ஃபிளாஸ்க்கை வாங்கவில்லை. குனிந்து அட்டைகளைப் பிடுங்கி எறிந்தாள். நிமிர்ந்ததும் வெடித்தாள்.

"ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? முட்டி வலின்னு வந்த மனுசன் ஓடையத் தாண்டியா வருவீங்க? எந்த மலைன்னு கேக்க வாயில்லையா?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்!"

சுற்றியிருந்த பெண்கள் கொழுந்து எடுப்பது போலப் பாவனை செய்தார்கள். ஒரு காதும் மூடியிருக்கவில்லை. கணபதிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"கொழும்புக்குத் திரும்பக் கூப்புடுறாங்க விஜயா. நாளைக்குள்ள பதில் சொல்லணும். இங்க நான் யாரு? ஒரு கோப்பை கழுவக்கூட விட மாட்டேங்கிற."

அவள் கை கொழுந்தில் நின்றுவிட்டது.

"போயிருவீங்கன்னு தெரியும். அதான் ஒரு வேலையும் பழக்கல," என்றாள். கோபம் போய்க் குரல் தளும்பியது. "ஒவ்வொரு தடவையும் ஒங்கள பஸ் ஏத்திட்டு வீட்டுக்கு வந்தா, கொடியில நீங்க போட்டுட்டுப் போன சாரத்த எடுத்து மடிக்க எனக்கு ரெண்டு நாளாவும். இப்ப தண்ணி புடிச்சு, கோப்பை கழுவி, மலைக்குத் தேத்தண்ணி கொண்டாந்து, எல்லாத்தையும் பழக்கிட்டு நீங்க போயிட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? சொல்லுங்க."

முப்பத்தாறு வீட்டுச் சங்கதி தெரிந்த மனுஷனுக்கு இந்த ஒரு சங்கதி இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாமல் போனது. கணபதி சட்டைப் பைக்குள் நனையாமல் தப்பியிருந்த ஃபோனை எடுத்தார். ஏழாம் நம்பரில் நல்ல சிக்னல்.

"தம்பி நிஷாந்த், நான் கணபதி. அந்த எடத்துக்கு ஆளப் போட்டுக்கங்க. இல்ல, இல்ல, யோசிக்க ஒண்ணுமில்ல. வைக்கிறேன்."

கருப்பம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். விஜயலெட்சுமி அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றி, ஆவி பறக்கப் பறக்க ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"ஐயோ, என்ன இது பாயாசமா? நாளைக்குச் சீனியக் கொறச்சுப் போடுங்க."