கவிழ்க்காத டிரம்

தனக்கோடி வருகிறாள் என்றாலே தொம்மலூரில் எங்கள் சந்துக்கு எரிச்சல் வரும். மாநகராட்சியின் கொசு ஒழிப்பு வேலையில் பன்னிரண்டு வருஷமாக ஒப்பந்த ஊழியர். டார்ச் அடித்து தண்ணீர் டிரம்முக்குள் பார்ப்பாள். கொசுப்புழு நெளிந்தால் போதும், யார் வீடு என்று பார்க்காமல் கவிழ்த்துவிட்டுத்தான் மறுவேலை. நாங்கள் மட்டும் என்ன யோக்கியமா? அவள் குரல் கேட்டதும் டிரம்மின் மேல் துணிமூட்டையைப் போட்டு மறைத்தவள்தான் நானும்.

2024 கோடையில் மழை பொய்த்து, போர்வெல் வறண்டு, டேங்கர் வாரம் ஒருமுறைதான் வந்தது. எல் நினோ என்றது டிவி. மழையே இல்லை, கொசு எங்கிருந்து வரும் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். தனக்கோடி மட்டும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வறட்சியில் ஜனங்கள் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் மலேரியாக் கொசு முட்டையிடும் என்று தொண்டை கிழியச் சொன்னாள். அடுத்த சந்தில் ஏற்கெனவே இரண்டு பேருக்கு மலேரியா. யார் காதில் ஏறியது?

எதிர்வீட்டு சரளாவுக்கு அப்போது ஏழாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. அவள் டிரம்மில் புழு இருந்தது. தனக்கோடி விளிம்பில் கை வைத்ததும் சரளா குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா, ஊத்திடாதீங்க. டேங்கர் வர இன்னும் அஞ்சு நாளு இருக்கு. இந்த வயித்த வெச்சுக்கிட்டு நான் எங்கக்கா போய் கொடம் தூக்குவேன்?"

"புழு இருக்கே, சரளா."

"ஒரே ஒரு தபா, அக்கா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று கன்னடம் கலந்து கெஞ்சினாள்.

தனக்கோடி அந்த வயிற்றைப் பார்த்தாள். பிறகு பழைய புடவையை வாங்கி டிரம்மின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள். ஒவ்வொரு முறை தண்ணீர் மொள்ள அவிழ்க்கும்போதும் உள்ளே பொரித்த கொசு வெளியே பறக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். மனசு இளகிவிட்டது.

ஒரு மாதத்துக்குள் சரளாவுக்கு நடுக்கக் காய்ச்சல். சூட்டு உடம்பு என்று வீட்டில் நான்கு நாளை ஓட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மலேரியா என்றார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

தனக்கோடி அவளைப் பார்க்கப் போனபோது துணையாக நானும் போனேன். சரளா திட்டவில்லை, அழவும் இல்லை. தனக்கோடியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தண்ணி போயிடும்னு பயம், கெஞ்சினேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. என் பேச்சை ஏங்க்கா கேட்டீங்க?"