உங்க அம்மாவுக்கா சார்?

இன்று தாம்பரத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். முகத்தின் தளர்ச்சியை இழுத்துத் தைக்கும் ஆபரேஷனில் சின்னதான மினி ஃபேஸ்லிஃப்ட் போதும் என்று முடிவு செய்துதான் என் மனைவி ஸ்டெல்லா வந்திருந்தாள்.

ரிசப்ஷனில் இருந்த பெண் என்னிடம், “உங்க அம்மாவுக்கா சார்?” என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். என்னை அவ்வளவு சின்ன வயசாக நினைத்துவிட்டாளே என்கிற பூரிப்பு. ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டு, “தாடை மட்டும்தான் லேசா தளர்ந்திருக்கு. மினியே போதும்மா. ஃபுல்னா காதுக்குப் பின்னாடி வரைக்கும் வெட்டணும், வீக்கம் வடியவும் நாளாகும்” என்றார்.

“பரவால்ல டாக்டர். ஃபுல்லாவே பண்ணிடுங்க” என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

குரோம்பேட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

‘உனக்கு இரண்டுமே வேண்டாம்’ என்று இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.