மூன்று டக் தள்ளிப்போன சீட்

ஹாலில் ஆணியிலிருந்து சாவிக்கொத்து எழும் சத்தம் கேட்டது.

படுக்கையறை மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து, அதன் மேல் குனிந்திருந்தவளின் கை அப்படியே நின்றது. விரல்களுக்கு நடுவே சிறிய ரப்பர் குச்சி. அதன் நுனியில் கிண்ணம் போல ஒரு லென்ஸ். லென்ஸுக்குள் ததும்பத் ததும்ப உப்புநீர் மருந்து.

"அண்ணி, சாவிய எடுத்துக்கிட்டேன். கிளம்பறேன்!"

நாத்தனாரின் குரல். முப்பத்துநான்கு வயதாகியும் அண்ணன் வாயில் இன்னமும் அவள் "குட்டி"தான். அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். நாலு மாதமாகத் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்து, அந்த ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்துக்கொண்டு போகிறாள்.

"இரு. சாவிய வை" என்றாள் உள்ளே இருந்தவள்.

அவளை எல்லோரும் கேப்டன் என்பார்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள் வைத்த பெயர் அது. பதினோரு வருடமாகக் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை முடிந்து வரும் ஏழு நர்ஸுகள் என்று அந்த வெள்ளை வேனை ஓட்டியவள். யார் வீட்டு வாசலில் பள்ளம், யார் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள், எல்லாம் அத்துபடி. "கேப்டன் இருந்தா நாங்க கண்ண மூடிக்கிட்டு வருவோம்" என்று நர்ஸுகள் சிரிப்பார்கள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டபோது கேப்டனின் கண்தான் அவளுக்குத் துரோகம் செய்துகொண்டிருந்தது.

முதலில் எதிரே வரும் ஒரு விளக்கு மூன்றாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஈர்க்குச்சிகளை விரித்தாற்போல ஒளி நாலா பக்கமும் சிதறியது. மழை பெய்த ராத்திரிகளில் சாலையே ஒரு வெள்ளை நெருப்பு. அவள் யாரிடமும் சொல்லவில்லை. எதிர் விளக்கைப் பார்க்காமல் சாலையின் ஓரத்துக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓட்டினாள். முன் கண்ணாடியைச் செய்தித்தாளால் நாளுக்கு நாலு தடவை தேய்த்தாள். கண்ணையும் தேய்த்தாள். அதுதான் கூடாது என்றார் டாக்டர், பிற்பாடு.

"கெரட்டோகோனஸ். உங்க கருவிழி மெலிஞ்சு, கூம்பு மாதிரி முன்னாடி பிதுங்குதும்மா. அதான் வெளிச்சம் சிதறுது. பகல்ல கண்ணாடி போட்டு ஓட்டலாம். ராத்திரி வேண்டாம். லென்ஸ் சரியா பொருந்தற வரைக்கும் வேண்டவே வேண்டாம்."

கட்டின புருஷனை இன்னொருத்தியிடம் பறிகொடுத்தால் ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். ஒரு வேனின் டிரைவர் சீட்டைப் பறிகொடுத்தவளுக்கு யார் வருவார்கள்? அதுவும் தானே கியர் போடக் கற்றுக்கொடுத்தவளிடம்!

குட்டி நல்ல உயரம். தினமும் காலையில் கேப்டன் வேனில் ஏறினால் கால் பெடலுக்கு எட்டாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியை இழுத்து முன்னால் தள்ளுவாள். டக், டக், டக். சரியாக மூன்று டக். நடுவிலிருக்கும் கண்ணாடி எங்கோ கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின் சீட்டில் சாக்லேட் காகிதம் கிடக்கும். என் காலத்தில் நர்ஸுகள் எனக்கு மட்டும்தானே சாக்லேட் கொடுப்பார்கள் என்று நினைப்பாள். அந்த மூன்று டக்கும் நெஞ்சுக்குள் கேட்கும்.

போதாததற்குப் புருஷன் வேறு. மோட்டார்களுக்குக் காயில் சுற்றும் பட்டறைக்காரர். சூதுவாது தெரியாத மனுஷன். "நம்ம குட்டி கில்லாடிதான். ஒரே மாசத்துல எல்லாரையும் பிடிச்சுட்டா பாரு" என்பார், சோற்றைப் பிசைந்துகொண்டே. கேப்டன் குழம்புக் கரண்டியை நங்கென்று வைப்பாள். அவர் கரண்டியைத்தான் பார்ப்பார்.

லென்ஸ் வந்து எட்டு நாள் ஆகிறது. பகலில் போட்டுப் பழகச் சொன்னார்கள். தினமும் அவர்தான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். இன்று அவரைக் கூப்பிடவில்லை. காரணம், மத்தியானம் வந்த ஒரு போன். கடைசி ஸ்டாப்பில் இறங்கும் நர்ஸ் பேசினாள்.

"அக்கா, எங்க மாடிப்படியில பல்பு போயிடுச்சு. ரெண்டு படி வேற உடைஞ்சு கிடக்கு. நான் ஏறிக் கதவைத் திறக்கற வரைக்கும் வேன் லைட்ட வாசப்பக்கம் போட்டு வைக்கச் சொல்றீங்களா? உங்க நாத்தனார் நம்பர் என்கிட்ட இல்ல."

"சொல்றேன்மா" என்றாள் கேப்டன். என்னைத்தானே கூப்பிட்டாள் என்று மனம் ஒரு குதி குதித்தது. குட்டியிடம் எதற்குச் சொல்வது? நானே வந்து லைட் போடுகிறேன்!

அவசரம். இரண்டு லென்ஸையும் கழுவி ஒரே உள்ளங்கையில் வைத்திருந்தாள். ஒன்றை வலது கண்ணில் வைத்தாள். மற்றதை இடது கண்ணில். கண் கரித்தது, நீர் வழிந்தது. எல்லாமே கொஞ்சம் குழம்பித் தெரிந்தது. கண்ணீர்தான், சரியாகிவிடும் என்று முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"இன்னிக்கு நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு."

"டாக்டர் ராத்திரிக்குச் சரின்னுட்டாரா அண்ணி?"

"ஏன், சரின்னா உனக்குக் கஷ்டமா இருக்கா?"

டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "ஏம்மா, குட்டி நல்லதுக்குத்தானே கேக்கறா?"

"ஆமா, உலகத்துல இருக்கற நல்லதெல்லாம் உங்க குட்டிதான் கேப்பா."

குட்டி சாவியை நீட்டினாள்.

வேனில் ஏறியதும் கேப்டன் கம்பியை இழுத்தாள். டக், டக், டக். அந்தச் சத்தம் பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்றே இழுத்தாள். வண்டி தெருவில் நகர்ந்தது. அப்போதுதான் தெருவிளக்குகள் எரியத் தொடங்கின.

ஒரு கம்பத்தில் நாலு விளக்கு. அடுத்த கம்பத்தில் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் வால். கேப்டன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். பழகப் பழகச் சரியாகும், இன்னும் பத்தடி, இன்னும் பத்தடி. தெருமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் திரும்பியது. அதன் ஒற்றை விளக்கு அவள் கண்ணில் வெடித்தது. சாலை இல்லை, வண்டி இல்லை, வெள்ளை மட்டும்.

பிரேக்கை மிதித்தாள். வேன் முனகிக்கொண்டு ஓரத்தில் நின்றது. மோட்டார் சைக்கிள் ஒன்றும் அறியாமல் போயே போய்விட்டது.

குட்டி கத்தவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பாயவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "அண்ணி, நான் ஓட்டவா?"

கத்தியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். அந்த மெதுவான குரல்தான் அறுத்தது. கேப்டன் இறங்கினாள். பத்து மாதம் சுமந்ததைத் தூக்கிக் கொடுப்பவள் போல அந்தக் கதவை விட்டு நகர்ந்தாள். குட்டி இடம் மாறி உட்கார்ந்தாள். டக், டக், டக். சீட் பின்னால் போனது.

"ஏதாவது சொல்லணுமா அண்ணி? யாராவது லீவா?"

கடைசி ஸ்டாப், மாடிப்படி, பல்பு. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் மனசுக்குள் ஒரு பாம்பு தலை தூக்கியது. இவள்தான் கில்லாடியாயிற்றே. எல்லாம் தானே தெரிந்துகொள்ளட்டுமே.

"ஒண்ணுமில்ல. போ."

வேனின் சிவப்பு விளக்குகள் இரண்டு எட்டாகி, எட்டு பதினாறாகி, திருப்பத்தில் மறைந்தன.

வீடு வந்து சேர்ந்தவள் கட்டிலில் விழுந்தாள். "என் வாழ்க்கை முடிஞ்சுபோச்சுங்க. இந்த லென்ஸும் ஏமாத்திடுச்சு. நான் இனிமே பகல் பிராணிதான்."

அவர் டார்ச்சை எடுத்து வந்தார். "முதல்ல அதைக் கழட்டு. அழுதா கண்ணு இன்னும் வீங்கும்."

ரப்பர் குச்சியால் இடது கண் லென்ஸை எடுத்து நீட்டினாள். அவர் டார்ச்சுக்கு அடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மயிரிழைச் செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றிப் பழகிய கண் அது.

"ஏம்மா, புள்ளி வச்சது எந்தக் கண்ணுக்குன்னாங்க?"

"வலது."

"அப்ப இது இடதுல என்ன பண்ணுச்சு? வலது செருப்ப இடது கால்ல மாட்டிக்கிட்டு, ரோடு சரியில்லன்னு அழுதியா?"

கேப்டன் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி கழுவி, மறுபடி மருந்து ஊற்றி, அவர் டார்ச் பிடிக்க, அததை அதனதன் கண்ணில் வைத்தாள். ஜன்னலுக்குப் போனாள். எதிர்க் கம்பத்தில் விளக்கு. ஒன்றே ஒன்று! சுற்றிலும் மெல்லியதாக ஒரு வளையம். அவ்வளவுதான். எத்தனை வருடம் ஆயிற்று ஒரு விளக்கை ஒரு விளக்காகப் பார்த்து! அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இனி அந்த சீட் எனக்குத்தான். எனக்குத்தான்.

அந்த ஆனந்தத்தின் நடுவில் சுருக்கென்று தைத்தது. மாடிப்படி.

மணி ஏழே முக்கால். குட்டிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொடுத்தவளே இவள்தான். நர்ஸுக்குப் போட்டாள். வேலை முடிந்து வருகிறவளின் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. எட்டு. எட்டரை. ஒன்பது. வழக்கமாகக் குட்டி எட்டேகாலுக்கெல்லாம் வந்துவிடுவாள். கேப்டன் ஜன்னலைவிட்டு நகரவில்லை. அவ்வளவு தெளிவாகத் தெரிந்த தெருவில் அந்த வேன் மட்டும் வரவில்லை.

ஒன்பதே கால் மணிக்கு வந்தது. குட்டி மாடியேறி வந்தாள். சட்டைக் கையில் லேசாக ரத்தக் கறை.

"என்ன குட்டி இது?" அண்ணன் பதறினார்.

"என்னுது இல்லண்ணா. கடைசி ஸ்டாப் சிஸ்டர் படியில விழுந்துட்டாங்க. நான் வண்டியத் திருப்பிட்டேன், வாசல் ஒரே இருட்டு. 'அம்மா'ன்னு ஒரு சத்தம். மறுபடி ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போனேன். நெத்தியில மூணு தையல். மணிக்கட்டு வீங்கியிருக்கு, எலும்பு உடையலயாம். அவங்க தங்கச்சி வந்து கூட இருக்கா."

கேப்டன் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க என்கிட்ட கேட்டாங்க அண்ணி. 'அக்கா உங்ககிட்ட சொல்லலையா, லைட் போடச் சொல்லி?'ன்னு." குட்டி அவளைப் பார்க்காமலே சொன்னாள். "அக்கா சொன்னாங்க, நான்தான் மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

கேப்டனின் முகம் கன்றியது. அந்த நிலையிலும் மனசு என்ன நினைத்தது தெரியுமா? நல்லவளாக இருப்பதிலும் இவள் என்னை முந்திக்கொண்டாளே என்றுதான் நினைத்தது. பிறகுதான் வெட்கம் வந்தது. வந்தபோது வெள்ளமாக வந்தது.

"நான் சொல்லல" என்றாள் புருஷனைப் பார்த்து. "மத்தியானமே தெரியும். வேணும்னேதான் சொல்லல. இவ கெட்ட பேர் வாங்கட்டும்னு."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கரண்டியைப் பார்த்துத் தப்பிக்க வழியில்லை.

"என் மேல கோபம்னா ரெண்டு அறை விட்டிருக்கலாமே அண்ணி. சிஸ்டர் என்ன பண்ணாங்க?" குட்டி சாவியை ஆணியில் மாட்டினாள். "எனக்கு வேண்டாம். நாளைக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க."

ஆணியில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. நாலு மாதமாக எந்தக் காட்சிக்காகக் கேப்டன் ஏங்கினாளோ, அந்தக் காட்சி. லென்ஸ் கண்ணில் இருக்கிறது, விளக்கு ஒன்றாகத் தெரிகிறது, சாவி கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் எட்டு நாள் பழகிய கண்ணை நம்பி ஏழு பேரை ஏற்ற முடியுமா? டாக்டர் இன்னும் சரி சொல்லவில்லை. நாளை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் மீதி ஆறு பேர் நிற்பார்கள்.

கேப்டன் சாவியை எடுத்தாள். ஒரு நொடி இறுகப் பிடித்தாள். பிறகு குட்டியின் கையை இழுத்து, விரித்து, அதில் வைத்தாள்.

"நீதான் ஓட்டணும். டாக்டர் சரிங்கற வரைக்கும். சிஸ்டர்கிட்ட காலையில போய் நானே உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லாம விட்டது இன்னும் ஏதாவது இருக்கா?"

"இருக்கு" என்றாள் கேப்டன். தலை குனிந்தது. "நிறைய இருக்கு. உக்காரு."

ஒவ்வொரு வாசலாகச் சொன்னாள். ரெண்டாவது ஸ்டாப்பில் கேட் உள்பக்கம் பூட்டியிருக்கும், ஒரு ஹாரன் அடிக்கணும். நாலாவது வீட்டு அம்மாவுக்குக் காது கேட்காது, ஹாரன் வேண்டாம், லைட்டை அணைத்து அணைத்துப் போடணும். உள்ளே விளக்கு எரியும் வரை எந்த வாசலிலிருந்தும் நகரக்கூடாது. பதினோரு வருடச் சொத்தை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பது போலிருந்தது. வைக்க வைக்க வயிறு எரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. குட்டி பழைய ரசீதின் பின்னால் எழுதிக்கொண்டாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

எழுந்தபோது வழக்கமாகச் சொல்லும் "வர்றேன் அண்ணி" வரவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"வலது லென்ஸ்ல புள்ளி இருக்கும்ல? அண்ணன் இப்பத்தான் சொன்னாரு. நாளைக்குப் பாத்துப் போடுங்க. பக்கத்து சீட்ல உக்காந்து வழி சொல்றவங்களுக்கும் கண்ணு வேணும்."

படியில் அவள் காலடிகள் தடுமாறாமல் இறங்கின. கைப்பிடியைத் தொடக்கூட இல்லை. இருட்டைப் பற்றிக் கவலையில்லாத கால்கள். கொடுத்துவைத்தவள் என்று கேப்டன் பெருமூச்சு விட்டாள். கீழே போய்ச் சேரட்டும் என்று மாடிப்படி விளக்கைப் போட்டு, சுவிட்சில் விரலை வைத்தபடியே நின்றாள். கீழ்க்கதவு சாத்தப்படும் சத்தம் கேட்ட பிறகுதான் விளக்கை அணைத்து, தன் கதவைச் சாத்தினாள்.